நீர்முள்ளியை விட்டுவையுங்கள்

ஏரி சுத்தம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு,

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீங்கள் சேற்றில் இறங்கிப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வெங்காயத்தாமரையை வாரிப் போட்டது பெரிய வேலை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் தண்ணீரை மூடிக்கொண்ட செடி அது, போகட்டும். நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஒன்று விடாமல் பிடுங்குங்கள். ஆனால் போன வாரம் மேற்குக் கரையோரத்தை ஜேசிபி வழித்தபோது நீர்முள்ளியும் சேர்ந்து போய்விட்டதே, அதற்குத்தான் இந்த மடல்.

முள்செடிதானே என்று நினைத்திருப்பீர்கள். சரி, கணுவுக்குக் கணு சுற்றிலும் முள்தான், நானும் குத்துப்பட்டவன்தான். அந்த முள்ளுக்குள்ளேதான் ஊதாப் பூ கொத்துக்கொத்தாகப் பூக்கும், தேனீ விடாமல் வந்து போகும். விதையைத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் கொழகொழவென்று ஆகிவிடும், சின்ன வயதில் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. சித்த வைத்தியத்தில் நீர் பிரியவும் வீக்கம் வற்றவும் நீர்முள்ளிக் குடிநீர், அதாவது கஷாயம், கொடுப்பார்கள். பாட்டிக்குக் கால் வீங்கியபோது வைத்தியர் சொல்லி, இதே கரையில் வேரோடு பிடுங்கி வந்தவன் நான். (படித்துவிட்டு யாரும் தானாகக் காய்ச்சிக் குடிக்காதீர்கள், வைத்தியரைக் கேளுங்கள்.) இப்போது அதையே நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அப்புறம், இறக்கையில் மயில்கண் மாதிரி வட்டம் போட்ட ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்றை நீங்களே படம் எடுத்துப் போட்டிருந்தீர்கள் அல்லவா, அதன் புழு தின்னும் செடிகளில் நீர்முள்ளியும் ஒன்று. அல்லியும் அப்படித்தான், அதன் இலை மேல்தான் இலைக்கோழி நடக்கும், முட்டையும் இடும். அல்லி, கொட்டி மாதிரி நீர்ச்செடி எல்லாவற்றையும் கிழங்கோடு வழித்துவிட்டு ஏரியைத் தொட்டி மாதிரி ஆக்கிவிட்டு, கரையில் நடைபாதை போட்டு யாருக்கு என்ன காட்டப் போகிறோம்?

நான் கேட்பது இவ்வளவுதான். ஆழப்படுத்த வேண்டிய இடத்தில் ஆழப்படுத்துங்கள், கரையோரத்தில் பத்தடி அகலத்துக்காவது வண்டியை இறக்காதீர்கள். அங்கே காட்டாமணக்கு இருந்தால் கையால் வெட்டிக்கொள்ளலாம், நானும் அரிவாளோடு வருகிறேன். கிழக்குக் கரையில் இன்னும் நீர்முள்ளி நிற்கிறது. வரும் ஞாயிறு வண்டி வருவதற்கு முன்னால், ஆறு மணிக்கு மதகடிக்கு வாருங்கள், எது எது என்று காட்டுகிறேன், குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடலாம். செருப்பு மட்டும் கெட்டியானதாகப் போட்டு வாருங்கள்.