கண்டு ஈந்த பரிசு: துணைநின்றோருக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். எழுத்து, இசை, ஓவியம் ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து நம் நகரம் வழங்கும் பண்பாட்டுப் பரிசு இவ்வாண்டும் உரியவர்களின் கைகளில் சேர்ந்துவிட்டது. விழா மேடையில் நன்றியுரைக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஐந்து நிமிடங்களில் பெயர்களை மட்டுமே என்னால் வாசிக்க முடிந்தது. யார் என்ன செய்தார்கள் என்று எடுத்துச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் அந்தக் குறையை இம்மடலில் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். தம் பெயர் வெளியே வர வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே எவர் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும். உங்களோடு பணியாற்றியவர்களுக்கும் தெரியும்.

குழுவின் முதல் கூட்டத்தில் நடுவர்களுள் மூத்தவர் புறநானூற்றின் 208-ஆம் பாடலை நினைவூட்டினார். பரிசில் நாடி வந்த பெருஞ்சித்திரனாருக்கு அதியமான் நெடுமான் அஞ்சி, அவரை நேரில் காணாமலேயே பொருளைக் கொடுத்தனுப்பினான். காணாது ஈத்த இப்பொருளைப் பெற்றுச்செல்ல நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்று புலவர் மறுத்துவிட்டார்; தம் தகுதியின் அளவை அறிந்து கொடுத்தால் தினையளவே ஆயினும் அது இனிது என்றார். பாடலைச் சொல்லி முடித்த பிறகு அந்த அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. தொகை பெரிதா சிறிதா என்பது இருக்கட்டும், கொடுக்கிற நாம் அந்தக் கலைஞரைப் படித்தோமா, கேட்டோமா, நேரில் கண்டோமா என்பதுதான் முதல் கேள்வி என்று அன்று முடிவு செய்தோம். முடிவு செய்ய ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அதை நிறைவேற்ற ஏறக்குறைய ஓராண்டு தேவைப்பட்டது, அந்த ஓராண்டை எங்களுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, வாசகர் குழுவினருக்கு. பரிந்துரையாக வந்த நூல்கள் ஒவ்வொன்றையும் குறைந்தது இருவர் முழுமையாகப் படித்த பிறகே நடுவர்களிடம் அனுப்புவது என்று விதி வைத்திருந்தோம். உங்களுக்கு ஊதியம் இல்லை. மேடையில் இருக்கையும் இல்லை. பகலில் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் வேலை பார்த்துவிட்டு இரவில் படித்தீர்கள். நூல்களின் மேல் எழுதக்கூடாது என்பதால் சிறு தாள் சீட்டுகளில் குறிப்பெழுதி உரிய பக்கங்களில் செருகி அனுப்பினீர்கள். அச்சீட்டுகளை நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். "இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மறுநாள்தான் தொடர்ந்தேன்" என்று ஒரு சீட்டு. "இப்பாத்திரத்தின் பேச்சு நான்காம் அத்தியாயத்துக்குப் பிறகு ஆசிரியரின் பேச்சாக மாறிவிடுகிறது" என்று இன்னொன்று. ஒரே நூலுக்கு இருவர் எழுதிய சீட்டுகள் நேர் எதிராக இருந்தபோது, மூன்றாமவர் ஒருவர் தாமாகவே முன்வந்து அந்நூலைப் படித்துத் தந்தார். விருப்பு வெறுப்பு எல்லோருக்கும் உண்டு. உங்கள் சீட்டுகளில் அதற்குரிய காரணமும் இருந்தது. நடுவர்களின் விவாதம் சண்டையாக மாறாமல் காத்தவை அந்தக் காரணங்கள்தாம்.

ஓவியத் துறையில் படங்களின் ஒளிப்படங்களை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று பிடிவாதமாக நின்ற நடுவருக்கு என் தனிப்பட்ட நன்றி. ஒளிப்படத்தில் வண்ணத்தின் தடிப்புத் தெரியாது, ஆளுயர ஓவியமும் உள்ளங்கை அளவு ஓவியமும் ஒரே அளவாகத் தெரியும் என்று நீங்கள் சொன்னது எனக்கு அப்போது அலைச்சலுக்கான முன்னறிவிப்பாக மட்டுமே பட்டது. பரிசு பெற்ற ஓவியரின் பணியறைக்கு உங்களுடன் வந்த நாளில்தான் அதன் பொருள் விளங்கியது. அவர் சுவரைப் பார்த்துச் சாத்தி வைத்திருந்த திரைச்சீலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க, நீங்கள் தரையில் அமர்ந்தபடி ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். விளக்கைப் போட எழுந்தவரைத் தடுத்து, சன்னலைத் திறக்கச் சொன்னீர்கள். மாலை வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது, அதுவரை வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்த பரப்பின் அடியில் நீலமும் காவியும் பல அடுக்குகளாக இருப்பதை நான் கண்டேன். பல ஆண்டுகளாகத் தம் படங்களை யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று வாசல்வரை வந்து ஓவியர் சொன்னார். பரிசு அறிவிக்கப்படுவதற்கு வெகுநாட்களுக்கு முன்பு சொன்ன சொல் அது.

இசைக்கும் அதே முறையைக் கடைப்பிடித்தோம். ஒலிப்பதிவில் பிழையை வெட்டி எடுத்துவிடலாம் என்பதால், இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் கச்சேரிகளை நடுவர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று, கட்டணம் செலுத்திக் கேட்டார்கள். பரிசு பெற்ற வயலின் கலைஞரின் நிகழ்ச்சியில் பாதியில் ஒரு தந்தி அறுந்தது. அவர் பதறாமல் எஞ்சிய தந்திகளிலேயே விரல்முறையை மாற்றிக்கொண்டு அந்தப் பகுதியை நிறைவு செய்துவிட்டு, பிறகு அவையின் முன்னிலையிலேயே புதுத் தந்தி மாட்டிச் சுருதி சேர்த்தார். நடுவரின் குறிப்பில் இந்த நிகழ்வு மூன்று வரி மட்டுமே. ஆனால் தகுதியுரை எழுதும் பொறுப்பை ஏற்றவருக்கு அந்த மூன்று வரிகள் போதுமானவையாக இருந்தன. தகுதியுரையாளருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். எவருக்கும் பொருந்தக்கூடிய புகழ்மொழிகளை நீக்கிவிட்டு, அந்தக் கலைஞருக்கு மட்டுமே பொருந்தும் வாக்கியம் கிடைக்கும்வரை நீங்கள் திருத்தி எழுதினீர்கள்.

நிதி அளித்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி இரண்டு மடங்கு. பணத்துக்கு ஒன்று, பணம் கொடுத்த பிறகு காத்த மௌனத்துக்கு இன்னொன்று. இரண்டாவதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஜெர்மனியின் பிரேமன் நகரம் 1954 முதல் இலக்கியப் பரிசு வழங்கிவருகிறது. கவிஞர் பவுல் செலான் 1958-இல் பெற்றது அப்பரிசைத்தான். ஆனால் 1960-ஆம் ஆண்டுக்குரிய பரிசுக்குக் குந்தர் கிராஸின் 'தகர முரசு' நாவலை நடுவர் குழு தேர்ந்தெடுத்தபோது, நகர ஆட்சியாளர்கள் அம்முடிவை ஏற்க மறுத்துவிட்டார்கள். பிற்காலத்தில், 1999-இல், கிராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நகரம் மறுத்த கதையும் அவர் வரலாற்றின் ஒரு பகுதியாகவே தங்கிவிட்டது. பணம் கொடுப்பவர் ஒருபுறம், தேர்வு செய்பவர் மறுபுறம் என்ற வேலி ஏன் வேண்டும் என்பதை விளக்க இந்த வரலாற்றை நம் முதல் சந்திப்பிலேயே உங்களிடம் சொன்னேன். நீங்கள் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டீர்கள். சொன்ன சொல்லையும் காப்பாற்றினீர்கள். அறிவிப்பு வெளியான நாளில்தான் பரிசாளர்கள் யார் என்று உங்களுக்கும் தெரியும். உங்களில் ஒருவருக்கு மிக வேண்டிய எழுத்தாளர் இறுதிச் சுற்றில் விடுபட்டதை அறிந்தும், ஏன் என்று ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லை.

தம் மாணவி ஒருவரின் பெயர் பரிந்துரையில் வந்ததும் இசைத்துறை விவாதத்திலிருந்து எழுந்து வெளியே சென்ற நடுவரையும் இங்கே நினைக்கிறேன். நாங்கள் அழைக்கும்வரை தாழ்வாரத்திலேயே அமர்ந்திருந்தீர்கள். அழைக்க எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது; அதற்காக மன்னிக்க வேண்டுகிறேன்.

மூன்று துறைகளுக்கும் ஒரே பரிசு பொருந்துமா, துறைக்கொன்றாகப் பிரித்துவிடலாமா என்று குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. அப்போது பிற நகரங்களின் பரிசு வரலாறுகளைத் தேடித் திரட்டித் தந்த நூலகர் அவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இன்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் இலக்கியத்துக்கென வழங்கப்படும் கியோர்க் பியூக்னர் பரிசு, 1923-இல் தொடங்கியபோது ஹெஸ்ஸே மாநிலத்தின் கவிஞர்களோடு ஓவியர், பாடகர், நடிகர்களுக்கும் உரியதாக இருந்தது என்பதும், 1951-இல்தான் அது இலக்கியப் பரிசாக மாறியது என்பதும் நீங்கள் தந்த தாள்களிலிருந்து நாங்கள் அறிந்தவை. பிரித்தால் ஒவ்வொரு துறையிலும் ஆழம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஓவியத்தைப் பற்றி எழுத்தாளர் பேச, கவிதையைப் பற்றி இசைவாணர் பேச, நடுவர் அறையில் நான் கேட்ட உரையாடல்களை இழக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதைக்கு ஒன்றாகவே தொடர்வதென்று முடிவாயிற்று. அம்முடிவில் எனக்கு நிறைவு உண்டு.

விழா நாளைப் பற்றி எழுதினால் மடல் நீளும். ஆயினும் மூவரை விட்டுவிட முடியாது. அழைப்பிதழில் ஓவியரின் பெயர் என் கவனக்குறைவால் பிழையாக அச்சாகியிருந்ததை முதல் நாள் மாலையில் கண்டுபிடித்தோம். அச்சகத்தார் இரவோடிரவாக மறுபடி அச்சிட்டு, விடியற்காலையில் தாமே கொண்டுவந்து சேர்த்தார். கூடுதல் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். வயலின் இசைக்கும் இருபது நிமிடங்களுக்குக் குளிர்சாதனத்தின் இரைச்சல் கேட்கக்கூடாது என்று அரங்க ஊழியர் தாமாகவே நினைத்து அதை நிறுத்திவைத்தார். அந்த அரங்கில் அப்படியொரு அமைதியை நான் முன்பு கேட்டதில்லை.

மூன்றாமவர், பரிசு பெற்ற எழுத்தாளரின் மகள். தாயார் உடல்நலம் குன்றி வர இயலாத நிலையில், அவர் எழுதித் தந்த ஏற்புரையை நீங்கள் மேடையேறி வாசித்தீர்கள். பிராங்பர்ட் நகரம் 1930-இல் கோத்தே பரிசை சிக்மண்ட் பிராய்டுக்கு வழங்கியபோது, நோயுற்றிருந்த தந்தைக்காக மகள் அன்னா பிராய்ட் சென்று அவர் உரையை வாசித்த செய்தி என் நினைவுக்கு வந்தது. ஒரு வரியை வாசித்ததும் நீங்கள் நிறுத்தி, "இந்த இடத்தில் அம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பார்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தீர்கள். வராதவர் அங்கே வந்திருந்ததுபோல் அவையினர் கைதட்டினார்கள்.

பரிந்துரைக்கப்பட்டும் பரிசு பெறாத கலைஞர்களுக்கும் என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மடல் அனுப்பியிருக்கிறோம். அதில் உங்கள் படைப்பைப் பற்றி எங்களில் ஒருவர் உண்மையாகவே எழுதிய ஒரு பத்தியாவது இருக்கும். உங்கள் படைப்புகளைத் தந்து பார்க்கவும் கேட்கவும் அனுமதித்ததால்தான் தேர்வு என்பதற்கே பொருள் இருந்தது.

இரவல் தந்த நூல்களை இம்மாத இறுதிக்குள் நூலகத்தில் ஒப்படைத்துவிடுவேன். அவற்றுள் இருந்த சீட்டுகளைத் தனித்தனி உறைகளில் இட்டு வைத்திருக்கிறேன். சென்ற வாரம் எழுத்தாளர் அவர்களைக் காண வீட்டுக்குச் சென்றபோது, தம் நூலுக்குரிய உறையைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். வாசகர்களின் ஒப்புதலைப் பெற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மதியம் முழுவதும் படித்தார். கிளம்பும்போது எல்லாச் சீட்டுகளையும் திருப்பித் தந்துவிட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எந்தச் சீட்டு என்று பார்த்தேன். பாத்திரத்தின் பேச்சு நான்காம் அத்தியாயத்துக்குப் பிறகு ஆசிரியரின் பேச்சாக மாறிவிடுகிறது என்று எழுதியிருந்த சீட்டு அது. அதை எழுதிய நண்பரே, உங்கள் சீட்டு இப்போது அவருடைய மேசை விளக்கின் அடியில் இருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர்,
பண்பாட்டுப் பரிசுக் குழு