டிபிஐ-யை மாற்றினால் படம் தெளியாது

ஆசிரியருக்கு,

வணக்கம். புகைப்படக் கலைக்குப் புதியவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த சொல் விளக்கப் பகுதியைப் படித்தேன். அபர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்து விளக்கியது நன்றாக இருந்தது. மெகாபிக்சல் கூடினாலே கேமரா உசத்தியாகிவிடாது என்று எழுதியதற்குத் தனியாக ஒரு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தை 300 டிபிஐ ஆக மாற்றிக்கொண்டால் தெளிவாக வரும் என்று ஒரு வரி இருக்கிறது. கலர் லேபில் டிசைனராக இருப்பவன் நான். இதை நம்பிக்கொண்டு எங்கள் கவுன்ட்டருக்கு வருபவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

படத்துக்குள் சரக்கு என்று இருப்பது பிக்சல், அதாவது படத்தை ஆக்கும் குட்டிக் குட்டி நிறப் புள்ளிகள் மட்டும்தான். அங்குலத்துக்கு எத்தனை பிக்சலை அடுக்குவது என்று கோப்பில் எழுதி வைத்த குறிப்புதான் டிபிஐ. (முறையாகச் சொன்னால் அது பிபிஐ. கடையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நானும் டிபிஐ என்றே எழுதுகிறேன்.) 1200-க்கு 1800 பிக்சல் உள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 300 டிபிஐ என்று குறித்தால் அது 4-க்கு 6 அங்குலம். 72 என்று குறித்தால் அதே படம் நீளவாக்கில் 25 அங்குலம். போட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் பெட்டியைத் திறந்து, ரீசாம்பிள் என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு எண்ணை மாற்றிப் பாருங்கள். அங்குலம் மாறும், பிக்சல் ஒன்றுகூட மாறாது. டிக் இருந்தால் பிக்சல் கூடும்தான், ஆனால் அவை பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்துப் போட்டவை. அளவு கூடுகிறதே தவிர, கேமரா பார்க்காத எதுவும் புதிதாக வந்துவிடாது.

அதனால் கணக்கை அச்சிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். 12-க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 300 என்றால், 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000-க்கு 4000 அதற்குத் தாராளம். ரோட்டோரம் கட்டும் பத்தடி ஃப்ளெக்ஸுக்கு இந்த 300 தேவையே இல்லை, தூரத்தில் நின்று பார்ப்பதுதானே.

சிக்கல் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகிறது. சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 கூட மிஞ்சாது. கண்ணீர் அஞ்சலிக்குப் படம் கேட்டு வருபவர்கள் பாடு இன்னும் மோசம். ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோ, அதுவும் நாலு பேர் ஃபார்வர்ட் செய்தது, அதில் மூன்றாவது வரிசையில் அப்பா. 1957இல் அமெரிக்கப் பொறியாளர் ரஸ்ஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் ஸ்கேன் செய்தபோது அதன் அளவு 176-க்கு 176 பிக்சல். எங்களிடம் வெட்டிக் கொடுக்கச் சொல்லும் முகம் பல நேரம் அதைவிடச் சின்னது. ஏஐ ஆப்பில் போட்டால் புருவமும் கண்ணும் பளிச்சென்று வரும். அப்புறம் வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா மாதிரியே இல்லையே தம்பி" என்பார்கள். அந்தக் கண் அவருடையதில்லை, அதுவும் ஊகம்தான்.

உங்கள் கட்டுரை தொடாமல் விட்டது கேபி விவகாரம், அதாவது கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற கணக்கு. டிபிஐ, பிக்சல், கேபி மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் அதிகம் அவதிப்படுவது தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள். வங்கி வேலைக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி என்று கேட்கிறார்கள். செல்போனில் எடுத்த 4000 பிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 50 கேபிக்குள் வரும்வரை ஜேபெக் (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை) தரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போகிறார்கள். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. ரொம்ப அழுத்தினால் கன்னத்திலும் நெற்றியிலும் அந்தக் கட்டங்கள் தெரிய ஆரம்பிக்கும். முதலில் கேட்ட அளவுக்குப் பொருந்த கிராப் செய்ய வேண்டும், அடுத்து பிக்சலைக் குறைக்க வேண்டும், தரத்தில் கை வைப்பது கடைசியில். இந்த வரிசையில் போனால் தரத்தைப் பெரிதாகக் குறைக்காமலே 50 கேபிக்குள் அடங்கிவிடும். சில சமயம் 20-க்குக் கீழே இறங்கி, தரத்தைக் கூட்ட வேண்டியும் வரும். எல்லாம் முடிந்ததும் வேறு பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும், போனது திரும்பாது.

அடுத்த இதழில் அந்த 300 டிபிஐ வரியையாவது திருத்திப் போடுங்கள். கூடவே, அச்சுக்கான படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் என்று ஒரு கட்டம் கட்டிப் போட்டால், எங்களைப் போன்ற லேப்காரர்களுக்குப் பாதிப் பேச்சு மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு கலர் லேப் டிசைனர்,
விருதுநகர்.