பழைய மெயில்களெல்லாம் ஒரே நாளில் வந்ததாகக் காட்டுகிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வேறு இடத்திலிருந்து எங்கள் சர்வருக்குத் தாங்களே மெயில்களை மாற்றிக்கொண்டவர்கள் சிலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: 2014இல் வந்த மெயிலும் போன வாரம் வந்ததாகக் காட்டுகிறதே, ஏன்? பயப்பட வேண்டாம். மெயில் எதுவும் கெடவில்லை.

ஒரு மெயிலுக்கு இரண்டு தேதிகள் உண்டு. அனுப்பியவரின் கணினி ஹெடரில், அதாவது மெயிலின் தலைப்பு விவரங்களில், எழுதுவது ஒன்று. மெயில் வந்து சேர்ந்ததும் சர்வர் தன் கணக்கில் குறித்துக்கொள்வது இன்னொன்று. கடிதத்தில் எழுதிய தேதியும் உறைமேல் விழுந்த முத்திரையும் மாதிரி. ஐமேப் (மென்பொருளும் சர்வரும் மெயில் பரிமாறிக்கொள்ளும் முறை) வழியாக மெயிலைப் புதிய சர்வரில் போடும்போது பழைய முத்திரைத் தேதியையும் மென்பொருள் சேர்த்துக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால், மெயில் புதிய சர்வரில் விழும் நேரத்தையே சர்வர் போட்டுக்கொள்ளும். ஐமேப் விதியே அப்படித்தான்.

மெயில் படிக்கும் மென்பொருள்களில் அவுட்லுக் வழக்கமாக வந்து சேர்ந்த தேதியைப் பார்க்கிறது, தண்டர்பேர்டு ஹெடர் தேதியைக் காட்டுகிறது. ஒரே இன்பாக்ஸ் ஒரு மென்பொருளில் குழம்பியும் இன்னொன்றில் சரியாகவும் தெரிவது இதனால்தான். ஆகவே முதலில், அனுப்பிய தேதிப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். அது போதுமென்றால் அதோடு விட்டுவிடலாம்.

போதாதா? பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருந்தால் மறுபடி மாற்றுவதே நல்லது. மெயில்களை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஐமேப்சிங்க் என்ற மென்பொருள் பழைய தேதியையும் தானாகவே கொண்டுவரும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் மெயிலை அது திரும்ப நகலெடுக்காது, காலி ஃபோல்டர் வேண்டும். பழையதை அழிக்கும் அவசரத்தில், மாற்றியபின் வந்த புது மெயில்களையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள்!

பழைய சர்வர் போய்விட்டதென்றால் எங்களிடம் சொல்லுங்கள். டவ்காட் என்ற மென்பொருளில் ஓடும் எங்கள் சர்வரில் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு; அந்தக் கோப்பு கடைசியாக மாறிய நேரம்தான் வந்து சேர்ந்த தேதி. மெயிலைப் பெறும் ஒவ்வொரு சர்வரும் ஹெடரில் 'ரிசீவ்டு' என்றொரு வரியில் நேரத்தைக் குறிக்கும்; அவற்றில் மேலே இருப்பதைப் படித்து அந்த நேரத்தைத் திருத்துவோம். அனுப்பியவரின் கணினி எழுதும் 'டேட்' வரியை எல்லாவற்றுக்கும் நம்ப முடியாது, அனுப்பியவரின் கடிகாரமே தப்பாக இருக்கலாம். நீங்கள் அனுப்பிய மெயில்களில் 'ரிசீவ்டு' வரி பெரும்பாலும் இருக்காது, அங்கே மட்டும் 'டேட்' வரிதான் கதி. ஃபார்வர்டு செய்து கொண்டுவந்த மெயில் என்றால் சிக்கல் கொஞ்சம் கூடும்: மேல் வரியிலேயே மாற்றிய நாள்தான் இருக்கும், அதற்குக் கீழே தேட வேண்டும். மெயிலின் உள்ளடக்கத்தை நாங்கள் தொடமாட்டோம், டிஜிட்டல் கையொப்பம் அப்படியே இருக்கும்.

மாற்றிய நாளையும் ஃபோல்டர் பெயர்களையும் எழுதி அனுப்புங்கள், அந்த நாளின் தேதி விழுந்தவற்றை மட்டும் திருத்துகிறோம். அப்புறம் உங்கள் கணினி பழைய தேதியையே நினைவில் வைத்திருந்தால், கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். கணினியில் மட்டும் இருக்கும் ஃபோல்டர்களை அதற்குமுன் தனியே சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வந்த தேதியை வைத்துப் பழைய மெயில்களைத் தானாக அழிக்கும் விதி ஏதாவது போட்டிருந்தால், திருத்தம் தொடங்குமுன் அதை நிறுத்திவையுங்கள். தேதி சரியான மறுகணமே அத்தனை மெயிலும் அந்த விதியில் சிக்கிவிடும்.

அன்புடன்,
மின்னஞ்சல் சேவைப் பிரிவு