பாலைவனத்தில் இரண்டு இரவு: தவராசாவுக்கு ஒரு கடிதம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள தவராசா,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே மாரி பிடித்துவிட்டது. உப்புவெளிக் கடல் கறுத்து இரைந்துகொண்டிருக்கிறது, புறாத்தீவுக்குப் படகு விடுவதையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் சுகம். தை மாதம் நீயும் கமலாவும் டொரொன்டோவிலிருந்து புறப்பட்டு, மகளுடன் டுபாயில் மூன்று வாரம் நின்றுவிட்டு இங்கே வரப்போகிறீர்கள் என்று வாசித்ததும், எத்தனை வருடத்துக்குப் பிறகு உன்னைப் பார்க்கப்போகிறேன் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளைப் பாலைவனத்தில் கழிப்பதற்கு மருமகன் அல் மஹா, கஸ்ர் அல் சராப், பாப் அல் ஷம்ஸ் என்று மூன்று ஹோட்டல்களின் பெயரைத் தந்திருக்கிறார், எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். அங்கே மகனிடம் போயிருந்த இரண்டு தடவையும் நான் பாலைவனத்தில் தங்கியவன். அதற்கு முன் இருபது வருடம் நிலாவெளியில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்றவன். ஆகவே இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் தடவை, இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு ஹோட்டலில், நாங்கள் ஏமாந்தோம். படத்தில் அலை அலையாக மணல்மேடு. போய் இறங்கினால் எங்கள் அறையின் யன்னல் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்திருந்தது. இருட்டிய பிறகும் மணலில் ஓடும் நாலு சில்லு மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் ஓயவில்லை. பெருந்தெருவின் விளக்கு வெளிச்சத்தில் வானத்தில் ஒரு கை எண்ணிக்கைக்குத்தான் வெள்ளி தெரிந்தது. அறைக்குள் பளிங்குக் குளியலறையும் பட்டு மெத்தையும் குறைவில்லாமல் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நிலாவெளியில் ‘கடல் பார்த்த அறை’ என்று நாங்கள் கொடுத்த அறைகளில் சிலவற்றிலிருந்து கடலைக் காண்பதற்குப் பல்கனியின் மூலைக்குப் போய்க் கழுத்தை நீட்ட வேண்டும். அதை அறிந்த நானே, அறை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று முன்கூட்டியே கேட்கத் தவறிவிட்டேன். இரண்டு இரவு தங்குபவனுக்குக் கிடைப்பது இரண்டு அந்தியும் இரண்டு விடியலும் மட்டுமே. உச்சி வெயிலில் தை மாதத்திலும் மணல் கண்ணைக் கூசச் செய்யும்; மணல் தன் அழகைக் காட்டும் நேரம் அந்த நாலு பொழுதுதான். அவற்றை எந்த ஹோட்டல் உனக்கு முழுமையாகத் தருகிறதோ, அதைத் தெரிவு செய்.

மருமகனின் பட்டியலில் உள்ள அல் மஹாவைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், ஏனென்றால் அந்த இடம் என் மனதைவிட்டு இன்னும் போகவில்லை. மஹா என்பது அரேபிய ஓரிக்ஸ் என்னும் வெள்ளை இரலைமானுக்கு அரபியில் உள்ள பெயர். வேட்டையால் அந்த இனம் 1972 அளவில் காட்டில் முற்றாக அழிந்துபோனது; கூண்டுகளில் வளர்ந்த சிலவற்றைப் பெருக்கி, 1982 இல் ஓமானில் மறுபடியும் வெளியில் விட்டார்கள். இந்த ஹோட்டல் 1999 இல் திறக்கப்பட்டபோது அதைச் சூழ்ந்த நிலத்திலும் ஓரிக்ஸ்களை விட்டார்கள். பின்னர் 2003 இல் ஏறத்தாழ 225 சதுர கிலோமீற்றர் பரப்பு டுபாய் பாலைவனக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஒரு ஹோட்டலை முன்னே வைத்து ஒரு வனாந்தரம் காப்பாற்றப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு அறைக்கும் தனியே சிறு நீச்சல் தடாகம் உண்டு. இரண்டாம் நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தபோது, எங்கள் தடாகத்தின் விளிம்பில் ஓர் ஓரிக்ஸ் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. உடம்பு சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை, கால்கள் கரி பூசியதுபோலக் கறுப்பு, கொம்பு இரண்டும் ஈட்டிபோல நீளம். அது தலையை நிமிர்த்தியபோது தாடையிலிருந்து நீர்த்துளிகள் கல்லில் விழும் சத்தம் கேட்டது, அவ்வளவு அமைதி. திருகோணமலைப் பிரட்றிக் கோட்டையிலுள்ள நம் புள்ளிமான்கள் நினைவுக்கு வந்தன. அவை பட்டணத்துக்குள் இறங்கி, பஸ் நிலையத்துப் பக்கம் குப்பையில் பொலித்தீன் தின்பதை நீயும் வந்து பார்க்கத்தான் போகிறாய். மனைவியிடம் அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கஸ்ர் அல் சராப் வேறு வகை. பெயருக்குக் கானல்நீர் மாளிகை என்று பொருள். அபுதாபியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரத்தில், ருப் அல் காலி என்னும் பெரும் மணற்பரப்பின் ஓரத்தில், 2009 இல் மண்ணிறக் கோட்டைபோலக் கட்டியிருக்கிறார்கள். அங்கே மணல் துருப்பிடித்த இரும்பின் நிறம். மாலை வெயில் சாயச் சாய மேடுகளின் ஒரு பக்கம் செந்தணலாகவும் மறுபக்கம் நிழலாகவும் பிரிந்து நிற்கும். மணலின் பெருமையை மட்டும் பார்ப்பதானால் அல் மஹா இதற்கு ஈடாகாது. ஆனால் தூரத்தை யோசி. அபுதாபியிலிருந்து இரண்டு மணித்தியாலம். டுபாயிலிருந்து மூன்றுக்கு மேல். 2022 இலிருந்து அங்கே சனி, ஞாயிறுதான் வார விடுமுறை, அரசாங்க வேலைக்காரருக்கு வெள்ளி அரை நாள் என்கிறாய். மருமகன் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்துக்கு வேலை முடித்து வந்து, எல்லோரும் பெட்டி கட்டிப் புறப்பட்டால், போய்ச் சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருக்கும். முதல் அந்தியின் பெரும்பகுதி வீதியிலேயே போய்விடும். அவர் வெள்ளி முழு நாளும் விடுப்பு எடுக்கக்கூடுமானால் மட்டும் அங்கே போங்கள்.

மூன்றாவதான பாப் அல் ஷம்ஸில் நான் தங்கியதில்லை. பட்டணத்துக்குக் கிட்ட, பிள்ளைகளுக்கு விளையாட்டுக்கு வசதி உண்டு, 2023 இல் புதுப்பித்துத் திறந்தார்கள் என்ற அளவில் மகன் சொன்னான்.

பேரனுக்கு நாலு வயது என்று எழுதியிருந்தாய். அல் மஹாவில் சிறு பிள்ளைகளை ஏற்பதில்லை. அதனால் குடும்பமாகப் போவது கஸ்ர் அல் சராப், வெள்ளி விடுப்புக் கிடைக்காவிட்டால் பாப் அல் ஷம்ஸ். ஆனால் நீயும் கமலாவும் மட்டும் ஒரு வார நாளில் அல் மஹாவுக்கு ஓர் இரவு போய்வாருங்கள் என்பது என் விருப்பம். செலவு கூடத்தான், எங்களுக்கு மூன்று நேரச் சாப்பாடும் பாலைவனச் சுற்றும் அறைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருந்தன, ஆகவே மற்ற ஹோட்டல்களின் கட்டணத்தோடு ஒப்பிடும்போது அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்.

எதை எடுத்தாலும் மருமகன் இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் பேசட்டும். அறை எந்தத் திசையைப் பார்க்கிறது, எதிரே மணலா கட்டடமா, இராத்திரி எத்தனை மணிக்கு வெளிவிளக்கை அணைப்பார்கள், பக்கத்தில் மோட்டார் ஓட்டம் உண்டா என்று கேட்கட்டும். வானத்து வெள்ளிகளைப் பார்க்க ஆசையென்றால் தை அமாவாசையை அண்டிய நாளாகப் பார். கமலாவுக்கு நிலவில் மணலைப் பார்க்க விருப்பமென்றால் பூரணையை அண்டிப் போ. இரவில் குளிர் எலும்பைத் தொடும், நுவரெலியாவுக்குக் கொண்டுபோவது போன்ற கம்பளிச் சட்டை இருவருக்கும் வேண்டும். கனடாவில் இருப்பவனுக்கு இதைச் சொல்கிறேனே என்று சிரிக்காதே, அறைக்குள் அது தெரியாது; விடியற்காலையில் மணல்மேட்டில் உட்கார்ந்திருக்கும்போது தெரியும்.

நாளைப் பார்த்து முடிவெடுத்ததும் எழுது. மாசி பிறக்கும்போது இங்கே மழை விட்டிருக்கும். கோட்டைக்குள் மான்கள் விடியற்காலையில் நிற்கும் இடம் எனக்குத் தெரியும், உன்னைக் கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
உன் கணேசன்