மக்கு காயும்வரை பொறு

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் தத்தித் தத்தி நடக்கிறானாமே, சந்தோஷம். இனி தஞ்சாவூர் ஓவியம் போடும் பலகையை அவன் கைக்கு எட்டாத இடத்தில்தான் காயவைக்க வேண்டும்.

‘எனக்கு வரையவே வராதே’ என்று எழுதியிருக்கிறாய். தஞ்சாவூர் ஓவியத்துக்கு அது பெரிய குறையே இல்லை. அச்சிட்ட கோட்டுப்படத்தைக் கார்பன் தாள் வைத்து நகலெடுத்துக்கொள். ஒரு பூச்சு காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிந்தால் போதும்; பலருக்கும் அதுதான் வருவதில்லை.

முதல் படம் 10-க்கு 12 அங்குலத்தில் இருக்கட்டும். ஆலிலைக் கிருஷ்ணன் நல்லது. பட்டாபிஷேகம் வேண்டாம், ஆள் கூட்டம் அதிகம். 8 மி.மீ. பிளைவுட்டில், கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியை ஃபெவிகால் தடவிச் சுருக்கமில்லாமல் ஒட்டு. மேலே சாக் பவுடரும் ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து மூன்று பூச்சு, ஒன்று நெடுக்கே, அடுத்தது குறுக்கே. ஒவ்வொன்றும் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய். (அந்தக் காலத்தில் பலா மரப் பலகை, புளியங்கொட்டைப் பசை. ‘பலகைப் படம்’ என்ற பெயர் அந்தப் பலகையால் வந்ததுதான்.)

படம் கெடுவது பெரும்பாலும் மக்கு வேலையில்தான்; மக்கு என்பது கல் பதிக்கவும் நகை, தூண்களைப் புடைப்பாக்கவும் வைக்கும் பசை. சலித்த சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் சொட்டுச் சொட்டாக. அலங்காரக் கல் பதிக்கச் சப்பாத்தி மாவுப் பதம். நகையும் தூணும் புடைத்து வர இட்லி மாவுப் பதம். கல்லை முதலில் பதித்துவிடு. பிறகு 1-ஆம் எண் பிரஷ் நுனியில் மக்கை எடுத்துச் சொட்டாக வை. வண்ணம் தீட்டுவதுபோல் இழுத்தால் மேடு வராது, தடம்தான் விழும். ஈரத்தில் குமிழ் தெரிந்தால் குண்டூசியால் குத்திவிடு.

உயரம் வேண்டுமென்று ஒரேயடியாக அப்பாதே. மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே ஈரம் நிற்கும், மறுநாள் வெடிப்பு. வெயிலில் வைத்தாலும் அதே கதி; நிழல்தான் சரி. பவுடர் கூடினால் மக்கு உதிரும். ஃபெவிகால் கூடினால் காயும்போது நடுவில் குழி விழும், ரப்பர் மாதிரி ஆகி உப்புத்தாளுக்கும் மசியாது. மெல்லிய வெடிப்பை ஊசியால் சற்று அகலப்படுத்தி, நீர்த்த மக்கை இறக்கினால் மூடிக்கொள்ளும்.

தங்க ரேக்கை (மெல்லிய தங்கத் தகடு) வடிவத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, ஊறவைத்து வடிகட்டிய வேலம்பிசினை மெல்லத் தடவி ஒட்டு. பிசின் தண்ணீராக இருந்தால் மக்கு இளகி, அழுத்தும் விரல் பள்ளம் போடும். கற்களின் மேல் படிந்ததைப் பிளேடு நுனியால் சுற்றிக் கீறி எடு. பழகுவதற்குப் போலி ரேக்கு போதும், ஆனால் அது நாளடைவில் கறுக்கும். யாருக்காவது கொடுக்கும் படமென்றால் 22 காரட்டே வாங்கு.

கடைசியில் போஸ்டர் கலர். முகமும் கண்ணும் எல்லாவற்றுக்கும் பிறகு. சட்டம் போடும்போது கண்ணாடி கல்லில் இடிக்காமல் இடைவெளி விடச் சொல்.

மக்கு முடிந்ததும், ரேக்கு ஒட்டுமுன், ஒரு போட்டோ அனுப்பு. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடு, மேடு பள்ளம் தெரிய வேண்டும்.

அன்புடன்,
மீனா