இலைக் குப்பையை வாருவதற்கு முன்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஓடைகள் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. கல்லைப் புரட்டினால் புழு நெளிகிறது, அதனால் தண்ணீர் கெட்டுவிட்டது, தேங்கிய இலையை வாரிப் போட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். எந்தப் புழு என்று பார்க்க வேண்டாமா? மிட்ஜ் என்ற, கொசு போன்ற சிறு ஈயின் சிவப்புப் புழு மட்டுமே கூட்டமாக இருந்தால் சரி, சந்தேகப்படலாம். கல் ஈ, மேஃபிளை, கேடிஸ் ஈ என்ற, இளம்பருவத்தில் தண்ணீரில் வாழும் பூச்சிகளின் புழுக்கள் பலவகையாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் ஆக்சிஜன் நிறைந்த நல்ல தண்ணீர்.

இலை விஷயத்துக்கு வருகிறேன். மரநிழலில் ஓடும் சின்ன ஓடைக்குச் சோறு போடுவதே உதிர்ந்த இலைதான். தண்ணீரில் ஊறிய இலையில் பூஞ்சை படரும், அப்போதுதான் அது இந்தப் பூச்சிகளுக்கு ருசி. கேடிஸ் ஈ, கல் ஈ வகைகளில் சில அதைக் கடித்துக் கிழித்துத் தின்கின்றன, தின்றதில் பெரும்பகுதி செரிக்காமல் எச்சமாக வெளியேறி, கிழிந்த துணுக்குகளோடு சேர்ந்து கீழே மிதந்து போகிறது. அதைப் பிடிக்க அங்கே வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள்: கற்களுக்கு இடையே பட்டுநூல் வலை கட்டும் இன்னொரு கேடிஸ் ஈப் புழு, பாறையில் ஒட்டிக்கொண்டு தலையிலுள்ள விசிறிகளை விரித்து வடிகட்டும் கருப்பு ஈப் புழு. (கருப்பு ஈ வளர்ந்து கடிக்கும், சில நாடுகளில் ஆற்றுக் குருடு நோயையும் பரப்பும். மறுக்கவில்லை.) கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்ன மேஃபிளைகள், இவர்களையெல்லாம் பிடித்துத் தின்ன, மடித்து வைத்த கீழுதட்டைச் சட்டென்று நீட்டும் தட்டான் இளம்பருவம்.

இதெல்லாம் ஊகம் இல்லை. 1980-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், கோவீட்டா ஆய்வுக் காட்டின் ஓர் ஓடையில் பூச்சிக்கொல்லி ஊற்றிப் பார்த்தார்கள். பூச்சிகள் கூட்டம் கூட்டமாக நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டன, இலை மட்கும் வேகம் வெகுவாகக் குறைந்தது, கீழே மிதந்து போகும் இலைத் துணுக்கு, எச்சம் போன்ற நுண்துகளும் குறைந்தது. அதாவது மேலே இலையை வாரினாலும் பூச்சியைக் கொன்றாலும், கீழே இருப்பவர்களின் சாப்பாட்டில்தான் கை வைக்கிறோம்.

வரும் இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். அப்புறம், கட்டுரையோடு வந்த படத்தில் ‘கல்லில் ஒட்டிய குப்பை’ என்று குறிப்பிட்டிருப்பது குப்பை இல்லை. மணலைப் பட்டுநூலால் ஒட்டி கேடிஸ் ஈப் புழு தனக்கே கட்டிக்கொண்ட கூடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்