ஜூலை மாதத்துக் காய்ச்சல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம் என்று சொல்.

"அங்கே ஜனங்கள் ஏன் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், மூடநம்பிக்கையா?" என்று கேட்டிருந்தாய். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்த வார்த்தையைச் சொல்லவே மனசு வரவில்லை.

நான் இருப்பது கானாவின் வட கோடியில், நவ்ரோங்கோ பக்கம். வருஷத்துக்கு ஒரே மழைக்காலம். போன அறுவடையின் கம்பும் சோளமும் ஜூன், ஜூலையில் தீர்ந்துவிடும். களையெடுப்பும் அப்போதுதான். மலேரியாவும் அதே மழையோடு வந்து சேரும். வீட்டில் தானியமும் கையில் காசும் இல்லாத, வயலை விட்டு ஓர் ஆள்கூட நகர முடியாத நேரம் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது.

போன ஜூலையில் மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். முதல் நாளே ஊர் மருந்துக்கடையில் கடன் சொல்லி பாராசிட்டமால் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அடுத்த நாள் கினிக்கோழியை விற்கப் பார்த்தாள், ஆனால் இங்கே மூன்று நாளைக்கு ஒருமுறைதான் சந்தை. ஆடு இருந்தது, அது புருஷனுடையது. அவருக்கும் மேலே வளவுப் பெரியவர். ஒரே சுற்றுச்சுவருக்குள் அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து வாழும் வளவு அது. பெரியவர் குறி கேட்டுவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். நான்காம் நாள், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கினார்கள். பையன் வெளுத்துக் கிடந்தான். ரத்தம் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டான். அந்த நான்கு நாளில் ஒரு நாள்கூட அவள் சும்மா இருக்கவில்லை, பார்த்தாயா?

காப்பீட்டு அட்டை இருந்தது, காலாவதியாகிவிட்டது. 1985இல் ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஏற்றியதை இங்கே பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 'கேஷ் அண்ட் கேரி' என்பார்கள், காசை வைத்தால்தான் மருந்து. அதை மாற்றத்தான் 2003இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 2008 முதல் கர்ப்பிணிகளுக்கு இலவசம். பதினெட்டு வயதுக்குக் கீழே பிரீமியமும் கிடையாது. ஆனாலும் அட்டையை வருஷா வருஷம் புதுப்பிக்க ஒரு கட்டணம் உண்டு. வண்டிக் கூலியையும் வயலில் போன நாளையும் எந்தக் காப்பீடும் தருவதில்லை.

வைத்தியத்துக்கு யாரிடம் போவது என்பதை நோய்க்கு வைக்கும் பெயரும் தீர்மானிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலேயே இன்னொரு நாடான மாலியில் பம்பாரா மொழி பேசுகிறவர்கள் சாதாரண மலேரியாக் காய்ச்சலை 'சுமாயா' என்பார்கள். பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டால் அது 'கோனோ'. அப்படியென்றால் பறவை. சுமாயாவுக்கு மாத்திரை, கோனோவுக்கு நாட்டு வைத்தியர் என்று பலரும் பிரித்துப் பார்க்கிறார்கள். வலிப்பும் அதே மலேரியாவின் முற்றிய முகம் என்று நமக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

இதையெல்லாம் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு வேலை இதே நவ்ரோங்கோவில்தான் நடந்திருக்கிறது. 1994இல் ஆரம்பித்த சோதனைத் திட்டம் அது. நர்ஸை ஊருக்குள்ளேயே குடிவைத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வளவு வளவாகப் போனாள். இன்னொரு பக்கம், ஊர்த் தலைவர்களையும் வளவுப் பெரியவர்களையும் கூட்டிப் பேசி, அவர்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள். குழந்தைச் சாவு குறைந்தது. 1999இல் நாடு முழுமைக்கும் அதுவே கொள்கையானது. நர்ஸ் பக்கத்திலேயே இருந்தால் அந்த நான்கு நாள் ஒரு மணி நேரமாகிவிடும், தோழி.

அப்புறம் ஒன்று, இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். பிரசவத்துக்கு ஏன் வரவில்லை என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "நர்ஸ் திட்டுவார்கள்" என்றாள். நம் பயிற்சிக் காலத்தில் பிரசவ வார்டில் நாமும் திட்டியிருக்கிறோம், நினைவிருக்கிறதா? வலியில் கத்தியவளை அதட்டியிருக்கிறோம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மழை விடாமல் பெய்கிறது. நாளை சந்தை நாள். கோழி விற்ற காசோடு நிறையப் பேர் வருவார்கள், விடியும் முன்பே கதவைத் திறக்க வேண்டும். நீ எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி